ஏசி அறையில் பிளந்த பூவரசம் பேனாக்கள்: தண்டையார்பேட்டையில் கடைந்த 24 பேனாக்களின் நிகழ்வு ஆய்வு

பாரிமுனை அலுவலகம் ஒன்றில் அக்டோபர் கடைசி நாளன்று ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர், உடன் வேலை பார்த்த 24 பேருக்கும் தன் கையால் கடைந்த மரப்பேனா ஆளுக்கொன்று கொடுத்தார். தண்டையார்பேட்டை வீட்டு மாடி அறையில் சின்ன லேத் போட்டு இரண்டு வருடமாகப் பழகிய கை. கொடுத்த அன்று ஒரு பேனாவிலும் குறை தெரியவில்லை. பொங்கல் விடுமுறை முடிவதற்குள் 12 பேனாக்கள் அவரிடமே திரும்பி வந்துவிட்டன.

ஆறு பேனாக்களில் மரம் நீளவாக்கில் பிளந்திருந்தது. இரண்டில் உள்ளிருக்கும் பித்தளைக் குழாய் கழன்று, மரம் தனியாகச் சுற்றியது. மூன்றில் மேல்பூச்சு ஓரங்களில் வெளுத்துப் பால்போல் ஆகியிருந்தது. ஒன்றில் எவ்வளவு திருகினாலும் ரீஃபில் முழுக்க உள்ளே போகவில்லை. இந்த நான்கு பழுதுகளுக்கும் காரணம் வேறு வேறு. பெரியது பிளவு. அந்த ஆறும் பூவரசு. கடைசல் முடிந்து, பாலிஷ் முடிந்து, பரிசாகக் கைமாறிய பிறகு மரம் ஏன் பிளக்கிறது என்பதைத்தான் இங்கே அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

மரங்கள் வந்த வழி

24-இல் 10 பூவரசு, 8 தேக்கு, 6 சீமைக்கருவேல். மூன்றுமே காசு கொடுக்காமல், அல்லது கொஞ்சக் காசில் கிடைத்தவை.

பூவரசு, மழைநீர் வடிகால் தோண்டும்போது ஜூனில் வெட்டிப் போட்ட நடைபாதை மரத்தின் அடிக்கிளை. முற்றிய பூவரசின் வைரம், அதாவது நடுமரம், சாக்லேட் நிறத்தில் கருஞ்சிவப்பு வரி ஓடி இருக்கும். உளிக்கு இதமாகச் சீவ வரும், மெருகும் நன்றாக ஏறும். பேனாவுக்கு இதைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. ஜூலை முதல் வாரத்தில் கிளையை 20 மி.மீ. சதுரம், 130 மி.மீ. நீளமுள்ள கட்டைகளாக அறுத்து, கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைத்திருக்கிறார்.

தேக்கு, ராயபுரத்தில் இடித்த பழைய வீட்டின் ஜன்னல் சட்டம். வாங்கி இரண்டு வருடமாக மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் கிடந்தது. சீமைக்கருவேல், மணலிப் பக்கம் விறகுக்கு வெட்டி ஒரு கோடை முழுக்க வெயிலில் கிடந்த உருட்டுக் கட்டை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மரக்கடைத் துண்டுகளில் சில நேரம் செம்மரம், சந்தனம், ஈட்டி என்று சொல்லியும் தருவார்கள். கணக்கில்லாத செம்மரத்துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தொடக் கூடாது. அந்த மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பது. அதில் செய்த பேனாவைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறவர், பரிசு வாங்கியதற்காகச் சிக்கலில் மாட்டுவார்.

பேனாவின் அமைப்பு

எல்லாமே ஸ்லிம்லைன் என்ற வகை. 7 மி.மீ. துளைக்குப் பொருந்தும் இரண்டு பித்தளைக் குழாய்கள், முனை, திருகு இயந்திரம், நடு வளையம், கிளிப், மேல்மூடி, ரீஃபில் இவ்வளவுதான் செட். ஒவ்வொரு குழாயும் சுமார் 53 மி.மீ. நீளம். ஆக 24 பேனாவுக்கு 48 மரத்துண்டுகள்.

ஒரு துண்டைக் குழாயைவிட 3 மி.மீ. கூடுதலாக அறுத்து, 7 மி.மீ. பிட்டால் நடுவில் துளைத்து, உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய குழாயைப் பசை தடவி உள்ளே செருக வேண்டும். பசை காய்ந்ததும் இரண்டு முனைகளையும் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவி, லேத்தில் சுழலும் மேண்ட்ரல் கம்பியில், புஷ் என்ற அளவு வளையங்களுக்கு நடுவில் மாட்டிக் கடைவார்கள். புஷ்ஷின் விட்டம் சுமார் 8.4 மி.மீ. மரத்தின் ஓரத்தை அந்த அளவுக்கு இறக்கினால்தான் உலோகப் பாகத்தோடு படி தெரியாமல் சேரும்.

கணக்குப் போட்டால், ஓரத்தில் குழாயைச் சுற்றி மிஞ்சுகிற மரத்தின் கனம் 0.7 மி.மீ. ஒரு தடித்த அட்டை அளவு. உள்ளே பித்தளை, வெளியே இந்த மெல்லிய மரவளையம், நடுவில் கல்லாக இறுகிய பசை. மரம் சுருங்கினால் பித்தளை விட்டுக்கொடுக்காது.

பிளவை அருகில் வைத்துப் பார்த்தபோது

திரும்பி வந்த ஆறு பூவரசம் பேனாக்களில் 12 மரத்துண்டுகள். பிளந்தவை 8. எட்டுமே நார் ஓடும் திசையில், நேர்க்கோடாக. ஏழு பிளவுகள் நடு வளையத்தின் ஓரத்தில் தொடங்கி, நடுப்பகுதியின் புடைப்பை நோக்கி ஓடி மெலிந்து மறைந்தன. மரம் எங்கே மெல்லியதோ அங்கே தொடங்கி, எங்கே கனத்ததோ அங்கே நின்றிருக்கிறது. மிக அகலமான பிளவில் விசிட்டிங் கார்டின் ஓரம் நுழைந்தது. உள்ளே பித்தளையின் மஞ்சள் தெரிந்தது. பிளவின் இரு கரையிலும் பசை மரத்தோடு ஒட்டியபடியே இருந்ததால் பசை விட்டதாகச் சொல்ல முடியாது.

பாகங்களை அழுத்திச் செருகும்போது உண்டாகும் பிளவு வேறு மாதிரி. அது செருகிய நிமிடமே ‘டிக்’ என்ற சத்தத்தோடு தெரிந்துவிடும். பெரும்பாலும் குழாய்க்குள் ஒட்டிக்கிடக்கும் காய்ந்த பசைத் துளிதான் அதற்குக் காரணம். இங்கே முதல் பிளவு கண்ணில் பட்டது நவம்பர் மூன்றாம் வாரத்தில்.

பூவரசம் பேனா வாங்கிய பத்துப் பேரில் ஏழு பேர் அதை அலுவலக மேசையிலேயே வைத்திருந்தார்கள். அந்த அறையில் நாள் முழுக்க ஏசி. பிளந்த ஆறும் இந்த ஏழில் அடங்கும். வீட்டுக்குக் கொண்டுபோன மூன்று பேர் வீட்டில் ஏசி கிடையாது. அந்த மூன்றும் பொங்கல் வரை முழுசாக இருந்தன. ஜனவரி கடைசியில் ஒன்றில் மட்டும் மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தது.

எடைதான் சொன்னது

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி ஈரத்தை வாங்கும், விடும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருந்தால் மரம் சுமார் 14 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். கடலோரமான ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் மழைக்காலத்தில் காற்று இதற்கும் மேலே போகும். ஏசி அறையில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதே மரம் 9 சதவீதத்துக்கு இறங்கியாக வேண்டும். வீட்டில் கடைந்து அலுவலகத்தில் கொடுக்கிற ஒவ்வொரு பேனாவும் இந்த 5 சதவீத இறக்கத்தைக் கடக்கிறது. மரம் நன்றாகக் காய்ந்திருந்தால்கூட!

இந்தப் பூவரசு அந்த 14-க்கே வந்திருக்கவில்லை. மிச்சமிருந்த கட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடைபோட்டதில் 18.4 கிராம். ஓடிஜி அடுப்பில் 103 டிகிரியில் ஒரு பகல் ஒரு இரவு வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலைக்கு வந்தபோது 15.6 கிராம். போன தண்ணீர் 2.8 கிராம். அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் 17.9 சதவீதம். பரணில் கிடந்த தேக்கு 14.0 கிராமிலிருந்து 12.5-க்கு இறங்கியது, 12 சதவீதம். சீமைக்கருவேலும் கிட்டத்தட்ட அதே அளவு.

பூவரசு 18-இலிருந்து 9-க்கு இறங்கும்போது என்ன ஆகும்? சுற்றளவுத் திசையில், ஒரு சதவீத ஈரம் குறைந்தால் மரம் தோராயமாக 0.2 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். கடின மரங்களுக்கு இது நடுத்தரமான கணக்கு. 9 சதவீத இறக்கத்துக்கு 1.8 சதவீதச் சுருக்கம். குழாயின் சுற்றளவு 22 மி.மீ. ஆக, மரம் சுமார் 0.4 மி.மீ. குறுகப் பார்க்கிறது, பித்தளை விடமாட்டேன் என்கிறது. நாருக்குக் குறுக்கே மரத்துக்கு இழுவை தாங்கும் சக்தி மிகக் குறைவு என்பதால் பலவீனமான ஒரு கோட்டில் பிளந்துகொள்கிறது. கார்டு ஓரம் நுழைந்த அந்தப் பிளவின் அகலமும் ஏறக்குறைய இதுவே.

தேக்கு பிழைத்ததற்கும் அதே கணக்குதான். அது 3 சதவீதம்தான் இறங்க வேண்டியிருந்தது, தேக்கின் சுருக்கமும் இயல்பாகவே குறைவு. சீமைக்கருவேல் இன்னும் ஒரு படி மேல். பச்சை மரம் எலும்பாகக் காயும்வரை பல மரங்கள் சுற்றளவுத் திசையில் 6 முதல் 8 சதவீதம் சுருங்கும்போது, சீமைக்கருவேலின் பேரினத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரத்தில் அது சுமார் 3 சதவீதம்தான். எண்ணூர், மணலி, வியாசர்பாடி என்று தரிசு கண்ட இடமெல்லாம் முளைத்து எல்லாரிடமும் திட்டு வாங்குகிற மரம் இது. பேனாக் கடைசலுக்கு வடசென்னையில் இதைவிட நம்பகமான மரம் நாங்கள் பார்த்ததில்லை. கரியாக்கும் முன்பு வைரம் பாய்ந்த அடிக்கட்டையை நாலு துண்டு எடுத்துவைப்பது புத்திசாலித்தனம்.

மேல்பூச்சு மரத்தை ஈரத்திலிருந்து அடைத்துக் காக்கும் என்று நம்பித்தான் அவர் காயாத கட்டையில் கைவைத்தார். மேல்பூச்சாக அவர் போட்ட பசை ஈரம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அதிலும் இரண்டு முனைகளிலும் நார் வெட்டுப்பட்டு நிற்கும் நார்வாய் திறந்தே கிடக்கிறது. மூன்று வாரம் தள்ளிப் பிளந்ததற்கு இந்தத் தாமதமே காரணம்.

பிளக்காத ஏழாவது பேனா

ஏசி மேசையில் இருந்த ஏழு பூவரசில் ஒன்று மட்டும் பிளக்கவில்லை. அதே கிளை, அதே பசை, அதே கை. ஜூலையில் கட்டை அறுத்த கையோடு பிட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரே ஒரு கட்டையைத் துளைத்துப் பார்த்திருக்கிறார். துளையோடு மூன்று மாதம் சும்மா கிடந்த அந்தக் கட்டையிலிருந்து வந்ததுதான் இந்தப் பேனா. வெளிப்பக்கம், உள்பக்கம் இரண்டு வழியாகவும் காற்றுப் பட்டதால் அது மற்றவற்றுக்கு முன்னால் காய்ந்துவிட்டது.

பரிகாரமும் இதிலேயே கிடைத்தது. மீதிக் கட்டைகளில் முதலில் 6 மி.மீ. துளை போடப்பட்டது. காயும்போது துளை கொஞ்சம் கோணும், முட்டை வடிவாகும். கடைசியில் 7 மி.மீ. பிட் ஓட்டும்போது அந்தக் கோணல் போய்விடும் என்பதற்காகத்தான் ஒரு மி.மீ. மிச்சம். பிறகு எல்லாக் கட்டைகளும் 40 வாட் குண்டு பல்பு எரியும் ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் போயின. மேலேயும் கீழேயும் விரல் நுழையும் துளைகள், பல்புக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. தெர்மகோல் பெட்டி வேண்டாம், பல்புச் சூட்டில் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும்.

கட்டைக்குக் கட்டை பென்சிலில் எண்ணும் தேதியும் எடையும் எழுதி, வாரம் ஒருமுறை 0.1 கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். 38.0 கிராமில் தொடங்கிய ஒரு கட்டையில் காய்ந்த மரம் 32.2 கிராம். 9.5 சதவீதம் வேண்டுமென்றால் 35.3 கிராமுக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, கட்டை அறுத்தவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த நாலைந்து வாரத்தில்தான். காய்ந்த கட்டையைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் மறுபடி ஈரம் குடிக்கும். பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் துளை, பசை, கடைசல், பூச்சு எல்லாம் முடித்துவிட வேண்டும்.

தேக்கில் குழாய் கழன்றது

இது சுருக்கமான விஷயம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. துளைத்தவுடன் உள்சுவரில் அது ஊறி நிற்கும், பசை அதன்மேல் மிதக்கும். இரண்டு பேனாக்களிலிருந்தும் கழன்ற குழாயில் பசை முழுக்க பித்தளைப் பக்கமே இருந்தது, மரத்தின் பக்கம் வழுவழுப்பு. அசிட்டோன் தொட்ட காதுக்குச்சியால் துளையைத் துடைத்து, அது ஆவியான பத்து நிமிடத்துக்குள் பசை போட்டால் இந்தப் பிரச்சினை வராது.

பசையையும் மாற்ற வேண்டியிருந்தது. அவர் எல்லாவற்றுக்கும் உடனடியாக ஒட்டும் சி.ஏ. (சயனோஅக்ரிலேட்) பசையைப் பயன்படுத்தியிருந்தார், கடைகளில் ஃபெவிக்விக் என்று கேட்டால் தருகிறார்களே அந்த இனம். குழாயைப் பாதி செருகும்போதே பிடித்துக்கொள்ளும் என்பதால் அவசரத்தில் பசை எல்லா இடமும் பரவாது, உள்ளே வெற்றிடம் விழும். அரால்டைட் போன்ற இரண்டு டியூப் கலவைப் பசை நிதானம் தரும், குழாயைச் சுற்றிச் சுற்றிச் செருகலாம், காய்ந்த பிறகும் சி.ஏ. அளவுக்கு நொறுங்கும் தன்மை இல்லை. 24 மணி நேரம் விட வேண்டும். குழாயின் வாயை உருளைக்கிழங்கின் மெல்லிய வில்லையில் அழுத்தி அடைத்துக்கொண்டால் பசை உள்ளே புகாது. காய்ந்ததும் கிழங்குத் துண்டு சுருங்கித் தானே உதிர்ந்துவிடும்.

வெளுத்த மேல்பூச்சு

சி.ஏ. பசையையே மேல்பூச்சாகப் போடுவது பேனாக் கடைசலில் பரவலான முறை. கைவியர்வைக்கு இதுதான் தாங்கும். அரக்கு கலந்த பாலிஷ் ஒரே நிமிடத்தில் கண்ணாடியாக மின்னும், ஆனால் நம் ஊர் வெக்கையில் தினமும் எழுதும் பேனாவில் சில வாரங்களில் மங்கிவிடும். ஆகவே பூச்சு முறையில் குறையில்லை. அதைப் போட்ட நேரம்தான் பிழை.

சி.ஏ. காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டு இறுகுவது. மழைக்கால மாலையில், ஜன்னல் திறந்த மாடி அறையில், கனமாகப் பூசி, அதன்மேல் பசையைச் சட்டென்று இறுக்கும் முடுக்கி ஸ்பிரேயும் கிட்டத்தில் பிடித்து அடித்தால் மேல்பரப்பு நொடியில் இறுகி, அடியில் சூடேறிக் குமிழும் வெண்மையும் விழும். இது ஒரு வகை வெளுப்பு. திரும்பி வந்த மூன்றிலும் இருந்தது இன்னொரு வகை. வெளுப்பு ஓரத்திலிருந்து 4, 5 மி.மீ. வரைதான், நடுவில் பளிங்கு மாதிரி தெளிவு. பூச்சு முடிந்தபின் மிக நுண்ணிய தேய்ப்புத் துணியில் தண்ணீர் தொட்டுத் தேய்த்திருக்கிறார். மூடாத நார்வாய் வழியே தண்ணீர் ஏறி, பூச்சை அடியிலிருந்து கிளப்பிவிட்டது.

மாற்றிய முறை இப்படி. மரத்தை 150, 220, 320, 400, 600 எண் உப்புத்தாளில் தேய்த்து, ஒவ்வொரு எண் முடிந்ததும் லேத்தை நிறுத்தி நார்வாக்கில் நாலு இழு இழுத்தால் வட்டக்கோடுகள் போகும். பூச்சின் கனத்துக்கு இடம்விட மரத்தைப் புஷ்ஷைவிட 0.1 மி.மீ. தாழ்த்திக் கடைய வேண்டும். நீர்த்த சி.ஏ. இரண்டு பூச்சு, நடுத்தரக் கெட்டியில் ஆறு முதல் எட்டுப் பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நிமிடம், ஸ்பிரே இல்லாமல். பூச டிஷ்யூ காகிதம் மட்டும். சுழலும் லேத்தில் துணி விரலோடு சுற்றிக்கொள்ளும், பஞ்சில் சி.ஏ. ஊறினால் சூடேறிப் புகையும். கண்ணாடியும் முகமூடியும் போட்டு, காற்று முகத்தைத் தாண்டிப் போகும் இடத்தில் நிற்க வேண்டும், அந்தப் புகை கண்ணைக் கரிக்கும். கம்பியிலிருந்து கழற்றியதும் இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, நீர்த்த சி.ஏ. ஒரு துளி ஓடவிட்டு நார்வாயை அடைத்த பிறகே தண்ணீர் தொடலாம்.

உள்ளே போகாத ரீஃபில்

திருகு இயந்திரத்தை அழுத்தும்போது 2 மி.மீ. கூடுதலாகப் போய்விட்டது, அவ்வளவுதான். அதன் பித்தளைப் பகுதியில் இருக்கும் கோட்டுக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, ரீஃபிலை மாட்டித் திருகிப் பார்த்து, மயிரிழை மயிரிழையாக அழுத்த வேண்டும். குறைவாகப் போனால் மறுபடி அழுத்தலாம், கூடப் போனால் வெளியே இழுக்கும்போது மரமும் சேர்ந்து போகும். பாகங்களை அழுத்தும் வைஸ் என்ற பிடிகருவியின் தாடைகளில் மெல்லிய பலகைத் துண்டு ஒட்டி அழுத்தினால் முனை கீறாது.

பழுதான பேனாக்களின் உலோகப் பாகங்களைக் காப்பாற்ற முடிந்தது. நடுவில் பிடித்து இழுத்துப் பிரித்து, ரீஃபிலைக் கழற்றி, மெல்லிய இரும்புக் கம்பியைக் குழாய் வழியே விட்டு எதிர்ப்பக்கத்துப் பாகத்தை லேசாகத் தட்டினால் வந்துவிடும். புதிதாகத் தேவைப்பட்டது 7 மி.மீ. குழாய்கள் மட்டும்.

பரிசுக்காகச் செய்கிறவர்களுக்கு ரீஃபில் பற்றி ஒரு வார்த்தை. ஸ்லிம்லைனுக்குத் தேவையான மெல்லிய கிராஸ் வகை ரீஃபில் தெருமுனைக் கடையில் கிடைக்காது. பார்க்கர் வகை ரீஃபில் வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனரிக் கடையில்கூடத் தொங்கும். மை தீர்ந்த பேனா மேசை டிராயருக்குள் போய்விடும் என்பதால், அடுத்த முறை பார்க்கர் ரீஃபில் ஏற்கும் சிகார் வகைச் செட் நல்லது. அதற்கு 10 மி.மீ. பிட் வேண்டும், கட்டையும் கொஞ்சம் பருமனாக அறுக்க வேண்டும்.

ஆறு பூவரசம் பேனாக்களும் அதே கிளையின் காய்ந்த கட்டைகளில் திரும்பக் கடைந்து மார்ச் முதல் வாரம் அதே மேசைகளுக்குப் போயின. கத்திரி வெயிலில் ஏசி ஓயாமல் ஓடிய மே மாதம் முடிந்து பார்த்தபோது ஆறும் முழுசாக இருந்தன. நடு வளையத்தில் நகத்தை ஓட்டினால் ஒரு பேனாவில் மட்டும் மரம் உலோகத்தைவிடத் துளி தாழ்ந்திருப்பது தெரிகிறது. பெட்டியில் பல்பு இன்னும் எரிகிறது, உள்ளே 11 கட்டைகள். கடைசியாக எழுதிய எடை 35.6.